ஒருத்தனுக்கு அடிபட்டால் எத்தனை நாற்காலி காலி? ஒரு சின்ன ஊர் உயர்நிலைப் பள்ளியின் இலையுதிர் காலம்

வெள்ளிக்கிழமை ராத்திரி அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் அடிபட்டது ஒரே ஒரு பையனுக்கு. திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்குப் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த வாரத்து அறிவிப்புத் தாளைத் திருத்தியபோது, அவன் பெயரை ஐந்து இடத்தில் எடுக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது இடத்தில் கை நின்றுவிட்டது. இவன் ஒருத்தன் இல்லையென்றால் இந்த வாரமே நடக்காது போலிருக்கிறதே என்று தோன்றியது. கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம், அதில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர், பையன் பெயர் எதுவும் வராது. அவன் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். என் மனைவி இங்குள்ள சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர். டாக்டர் இல்லாத ஊர்களில் மூன்று வருடம் வேலை பார்த்தால் விசா சிக்கல் தீரும் என்று ஒரு ஏற்பாடு இங்கே உண்டு, அதில் வந்தோம், மூன்று வருடம் முடிந்த பிறகும் கிளம்பவில்லை. எனக்கு வேலை அனுமதி கிடைத்ததும் பள்ளி அலுவலகத்தில் பகுதி நேரமாகச் சேர்ந்தேன். போன் எடுப்பது, தாமதமாக வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதுவது, அப்புறம் முக்கியமாக, தினமும் காலை அறிவிப்பும் வாரம் ஒருமுறை ஊருக்குப் போகும் செய்தித் தாளும் தயாரிப்பது. என் மனைவி இந்தப் பையனைப் பார்க்கவில்லை. நான் சந்தேகம் கேட்டபோதெல்லாம் பொதுவாகத்தான் சொன்னாள்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மொத்தம் 71 பிள்ளைகள். ஆனால் இலையுதிர் காலத்தில் நடக்கும் காரியங்களைப் பார்த்தால் எழுநூறு பேர் படிக்கும் பள்ளி என்று நினைப்பீர்கள். ஆகஸ்ட் கடைசியில் ஃபுட்பால் தொடங்கும், நம்மூர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக் கையில் பந்தோடு முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம், வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும். செவ்வாய், வியாழன் பெண்களுக்கு வாலிபால். வாலிபால் இந்த மாநிலத்தில் ஒரு தனிப் பைத்தியம். 2023 ஆகஸ்ட் 30 அன்று லிங்கன் நகரத்து மைதானத்தில் பல்கலைக்கழகப் பெண்கள் ஆடிய வாலிபாலுக்கு 92,003 பேர் வந்தார்கள், எங்கள் ஊரிலிருந்து மட்டும் ஒரு பஸ் போனது. இது போக, 5 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி ஓட்டம், பேண்ட், விவசாயம் படிக்கும் பிள்ளைகளின் எஃப்எஃப்ஏ சங்கம், மாணவர் மன்றம், அப்புறம் ஒன் ஆக்ட் என்று சொல்லும் ஓரங்க நாடகம். நாடகத்துக்கு 30 நிமிடம்தான் அனுமதி. அதற்கு இரண்டு மாதம் ஒத்திகை. வென்று வென்று மேலே போகும் பள்ளிகள் டிசம்பரில் நார்ஃபோக் ஊரில் மாநிலப் போட்டியில் ஆடும். அங்கே மேடைக்கு ஜானி கார்சன் பெயர், தொலைக்காட்சியில் முப்பது வருடம் ராத்திரி நிகழ்ச்சி நடத்தியவர் வளர்ந்த ஊர் அது.

இதில் எந்த ஒன்றையும் தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். பயிற்சி நேரம் உண்டு, பொறுப்பாசிரியர் உண்டு, பட்டியல் உண்டு. ஏழு பட்டியலையும் நான்தான் தட்டச்சு செய்கிறேன், ஆனாலும் அதுவரை ஒரு தடவைகூட ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை வைத்துப் பார்த்தேன். ஃபுட்பால் 17, வாலிபால் 15, ஓட்டம் 8, பேண்ட் 22, நாடகம் 24, எஃப்எஃப்ஏ 38, மாணவர் மன்றம் 12. கூட்டினால் 136 பெயர். பள்ளியில் இருப்பதே 71 பேர், அதிலும் 14 பேர் எதிலும் இல்லை. ஆறு பேர் ஐந்து பட்டியலில் இருந்தார்கள். அடிபட்டவன் அந்த ஆறு பேரில் ஒருவன். பதினோராம் வகுப்பு. காலை அறிவிப்பை மைக்கில் வாசிப்பதும் அவன்தான், அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

அவனுடைய ஒரு நாள் இப்படி. காலை ஆறரைக்கு நாடக ஒத்திகை, ஏனென்றால் சாயங்காலம் எல்லோரும் மைதானத்தில் இருப்பார்கள், நாடகத்துக்குக் கிடைக்கும் ஒரே நேரம் விடிகாலைதான். முதல் பீரியட் பேண்ட். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மன்றக் கூட்டமோ எஃப்எஃப்ஏ கூட்டமோ இருக்கும். மூன்றே முக்காலிலிருந்து ஆறு வரை ஃபுட்பால் பயிற்சி. அப்புறம் பிக்கப்பை எடுத்துக்கொண்டு நேரே வயலுக்கு. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை மக்காச்சோளமும் சோயாவும் அறுவடை, அப்பா கம்பைன் என்ற அறுவடை இயந்திரத்தை ஓட்டுவார், இவன் பக்கத்திலேயே கிரெய்ன் கார்ட் என்ற தானிய வண்டியை ஓட்டி தானியத்தை வாங்கி லாரியில் கொட்டவேண்டும். ராத்திரி பத்துக்கு மேல் வீட்டுப்பாடம். இங்கே 14 வயது 2 மாதத்தில் பள்ளிக்கு மட்டும் வண்டி ஓட்ட பெர்மிட் தருகிறார்கள். கிராமத்துப் பிள்ளைகள் இவ்வளவு இடத்துக்கு ஓடுவது அதனால்தான் முடிகிறது.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

அது ஹோம்கமிங் வாரம். பழைய மாணவர்கள் ஊருக்குத் திரும்பும் வாரம் என்று பெயர், பாதிப் பேர் ஊரை விட்டே போகாதவர்கள். வாரம் முழுக்க வேஷம் கட்டி வருவது, மெயின் தெருவில் ஊர்வலம், ஆட்டத்தின் இடைவேளையில் ராஜா ராணி அறிவிப்பு. வெள்ளி இரவு ஃபுட்பால் என்றால் ஊரில் வேறு எதுவும் நடக்காது. இதற்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு: 1961-ல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தின் புண்ணியத்தில், செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல் தொழில்முறை ஃபுட்பாலை டிவியில் காட்டாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள், பள்ளி ஆட்டங்களுக்குக் கூட்டம் குறையக்கூடாது என்று.

நாங்கள் ஆடுவது எட்டுப் பேர் ஆட்டம். பதினோரு பேரைத் திரட்ட முடியாத பள்ளிகளுக்கு இது, மைதானமும் சின்னது, 80 கஜ நீளம், 40 கஜ அகலம். இன்னும் சின்னப் பள்ளிகள் ஆறு பேர் வைத்து ஆடுகிறார்கள். அந்த ஆறு பேர் ஆட்டம் பிறந்ததே இந்த மாநிலத்தில்தான், 1934-ல். பெருமந்த காலம், பள்ளிகளில் பிள்ளைகளும் இல்லை, பணமும் இல்லை. செஸ்டர் என்ற ஊரில் ஸ்டீபன் எப்லர் என்ற வாத்தியார் புதிதாக விதிகளை எழுதினார். ஆறு பேரும் பந்தைப் பிடிக்கலாம். அந்த வருடம் செப்டம்பரில் ஹெப்ரான் ஊரில் முதல் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் ஹெப்ரான், செஸ்டர் பிள்ளைகள், எதிர்ப்பக்கம் பெல்விடியர், அலெக்சாண்ட்ரியா பிள்ளைகள். 19-க்கு 19 என்று சமனில் முடிந்தது. பன்னிரண்டு பேர் ஆடும் ஆட்டத்துக்கு நாலு பள்ளி தேவைப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தொண்ணூறு வருடம் ஆகிவிட்டது, கணக்கு மட்டும் மாறவே இல்லை.

எங்கள் பேண்ட் இடைவேளையில் மைதானத்தில் இறங்கும்போது நாலு பேர் ஃபுட்பால் உடையிலேயே வாசிப்பார்கள். தோளில் பேட், காலில் ஆணி வைத்த ஷூ, முட்டியில் புல் கறை, கையில் வாத்தியம். இவன் டிராம்போன், குழலை முன்னும் பின்னும் இழுத்து ஊதும் பித்தளை வாத்தியம். அவன் அம்மா முதல் பாதி முழுக்க டிராம்போனின் ஊதுவாயை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டிருப்பார். அக்டோபர் ராத்திரிக் குளிரில் அந்த உலோகத்தை அப்படியே உதட்டில் வைத்தால் சுருதியும் நிற்காது, உதடும் மரத்துப்போகும். இரண்டாவது கால்பகுதி முடியும் விசில் கேட்டதும் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு வேலியோரம் ஓடிவருவான், அம்மா கையை நீட்டுவார், அவன் வாங்கிக்கொண்டு ஓடுவான். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். சீசன் முழுக்க நான் பார்த்தது இது, நான் நிற்கும் பாப்கார்ன் கடை ஜன்னலுக்கு நேர் எதிரில்தான் அந்த வேலி.

அன்று இரண்டாவது கால்பகுதியில் ஒருவனை மடக்கப் போய் இவன் தலை அவன் முட்டியில் இடித்தது. பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எழுந்தான், கையைத் தட்டினான், இடத்துக்குப் போனான். அடுத்த தடவை பந்து கிளம்பியபோது தப்பான பக்கம் நின்றான். அதற்கு அடுத்த தடவை பக்கத்தில் நின்றவனிடம் என்ன திட்டம் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறான். அந்தப் பக்கத்துப் பையன் பத்தாம் வகுப்பு, கோச்சைப் பார்த்துத் தன் தலையைத் தொட்டுக் காட்டினான். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் அவன்தான். துணைக் கோச் இவனை வெளியே கூப்பிட்டு உட்காரவைத்து, நாலு கேள்வி கேட்டுவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துத் தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டார். ஹெல்மெட் இல்லாமல் உள்ளே போக முடியாது, அதனால் இது பழைய பழக்கம். வாதம் பண்ணுவதைவிட இது சுலபம்.

இதுவரை எல்லாம் சரியாக நடந்தது. இப்படி நடக்கக் காரணமும் ஒரு பையன்தான். 2006 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் தலையில் அடிபட்டும் மறுபடி ஆட்டத்தில் இறங்கினான், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு வாழ்க்கையே மாறிப்போனது. 2009-ல் அவன் பெயரில் அங்கே சட்டம் வந்தது, ஐந்தே வருடத்தில் ஐம்பது மாநிலத்திலும் வந்துவிட்டது. நெப்ராஸ்காவில் 2012 ஜூலையிலிருந்து. கன்கஷன், அதாவது மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மருத்துவத் தகுதி உள்ளவர் எழுத்தில் அனுமதி தராமல் திரும்ப முடியாது.

இடைவேளையில் பேண்ட் இறங்கியது. டிராம்போன் வரிசையில் ஒரு இடம் காலி. அவன் அம்மா வேலியோரம் வரவில்லை, பெஞ்சுக்குப் பின்னால் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், வலது கை மட்டும் மூடியபடியே இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அவனுக்கு அடிபட்ட விஷயம் டிராம்போன் சத்தம் குறைந்தபோதுதான் தெரிந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் கடை ஜன்னலில் என்னிடம் அப்படித்தான் கேட்டார்கள். ஹோம்கமிங் ராஜா தேர்விலும் அவன் பெயர் இருந்தது. கிடைக்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

சனிக்கிழமை கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் 48 மணி நேரம் ஓய்வு, திரை பார்ப்பதைக் குறைக்கவேண்டும். அப்புறம் மெல்ல நடக்கலாம், தாங்குகிற அளவுக்கு அரை நாள் வகுப்பு. சத்தம், பளீர் வெளிச்சம் தவிர்க்கவேண்டும். வண்டி ஓட்டக்கூடாது. தலைவலி முழுக்க நின்ற பிறகு ஆறு படிகளில் ஆட்டத்துக்குத் திரும்புவது, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், வலி திரும்ப வந்தால் ஒரு படி கீழே. ஒரே தாளில் எல்லாமே தெளிவாக இருந்தது. தலைப்பு மட்டும் 'விளையாட்டுக்குத் திரும்புதல்'.

அந்தத் தலைப்பில்தான் கோளாறு தொடங்கியது என்பது என் கட்சி. திங்கள் காலை அம்மா அந்தத் தாளை அலுவலகத்தில் தந்தார், நான் வாங்கி, தலைப்பைப் பார்த்துவிட்டு, விளையாட்டுப் பொறுப்பாளரின் தட்டில் போட்டேன். அவர் ஃபுட்பால் கோப்பில் வைத்தார். அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது, மனுஷன் சமூக அறிவியல் பாடமும் எடுக்கிறார், பஸ்ஸும் ஓட்டுகிறார், அன்று காலை அவருக்கு இன்னொரு தலைவலி: அடுத்த வார ஆட்டத்துக்கு நடுவர்கள் கிடைக்கவில்லை, வெள்ளியை வியாழனாக மாற்றமுடியுமா என்று நாலு பள்ளிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். வகுப்பாசிரியர்களுக்கு 'அரை நாள், திரை கம்மி' என்று ஒரு வரி மட்டும் போனது. என்ன காயம், ஏன் என்று எழுதவில்லை. மாணவர் விவரங்களைக் காக்கும் சட்டம் ஒன்று உண்டு, 1974-ல் வந்தது, ஃபெர்பா என்பார்கள், அதற்குப் பயந்து. உண்மையில் பாடம் சம்பந்தமான தேவை இருக்கும் ஆசிரியர்களுக்கு விவரம் சொல்வதை அந்தச் சட்டம் தடுக்கவே இல்லை. இதை நாங்கள் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். படிக்காமலே சட்டத்துக்குப் பயப்படுவது எல்லா அலுவலகத்திலும் நடக்கிறதுதான்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். வாரச் செய்தித் தாளில் நான் ஒரு வரி சேர்த்தேன்: அவன் நலமாக இருக்கிறான், சீக்கிரமே களத்தில் பார்க்கலாம். யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது. நல்ல எண்ணம்தான். வியாழக்கிழமைக்குள் ஊரில் அவனைப் பார்த்தவரெல்லாம் "அடுத்த ஆட்டத்துக்கு வந்துடுவேல்ல?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பதினாறு வயதுப் பையன் இதற்கு என்ன சொல்வான்? வந்துடுவேன் என்றுதான் சொல்வான்.

நாடக ஆசிரியை கேட்டபோதும் வந்துடுவேன். எஃப்எஃப்ஏ ஆசிரியர் கேட்டபோதும் வந்துடுவேன். அது மண் மதிப்பீட்டுப் போட்டிக்கு, வயலில் குழி தோண்டி வைத்திருப்பார்கள், பிள்ளைகள் உள்ளே இறங்கி மண்ணைக் கையில் பிசைந்து பார்த்தே களிமண் எவ்வளவு மணல் எவ்வளவு என்று சொல்லவேண்டும், அணிக்கு நாலு பேர், இவன் கை தேர்ந்த கை. ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் கேட்டார்கள், பரிவாகத்தான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தன் ஒருத்தரிடம் மட்டுமே அவன் ஒத்துக்கொண்டான் என்று நினைப்பு.

வியாழக்கிழமை காலை தலைவலி இல்லாமல் எழுந்தான். ஆறாவது நாள்தான் தலைவலி விட்டிருக்கிறது, இன்னும் முதல் படியிலேயே ஏறவில்லை. சனிக்கிழமை அணிவகுப்பு பேண்ட் போட்டி. பேண்ட் ஆசிரியர் எங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை, பக்கத்து ஊர்ப் பள்ளியும் நாங்களும் பங்குபோட்டுக்கொண்ட ஆள், திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் அவர் இருக்கமாட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பையன் ஆட்டத்தில் அடிபட்டான், கொஞ்ச நாள் ஊதக்கூடாது என்பதுதான். ஊதும்போது தலைக்குள் அழுத்தம் கூடும் என்று அவராகவே யோசித்திருந்தார், அதைப் பாராட்டவேண்டும். சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று வந்தவனிடம் அவர் சொன்னது: ஊத வேண்டாம்ப்பா, சிம்பல் மட்டும் அடி.

சிம்பல்! தாழ்வான கூரை, சிமென்ட் சுவர், இருபது பேர் வாசிக்கும் அறையில், தலைக்கு இரண்டடி முன்னால் இரண்டு பித்தளைத் தட்டு. எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. இருபது நிமிடம் அடித்திருக்கிறான். பீரியட் முடிந்ததும் அலுவலகத்துக்கு வந்தான், நான்தான் இருந்தேன், முகம் வெளுத்திருந்தது, "லைட்டை அணைக்கிறீங்களா?" என்றான். அணைத்தேன். குப்பைக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நர்ஸ் எங்கள் பள்ளியில் வாரம் இரண்டு நாள்தான், அன்று அவருடைய நாள் இல்லை. அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது, நான் எடுக்கவில்லை.

அன்றோடு எல்லாம் முதலிலிருந்து. மொத்தம் மூன்று வாரத்துக்கு மேல் போய்விட்டது. சிம்பல் இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்குள் திரும்பியிருப்பானா என்று மனைவியிடம் கேட்டேன், யாரும் அப்படி உறுதி சொல்லமுடியாது, ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு விதம் என்றாள். சரி.

அந்த மூன்று வாரத்தில் மற்றவற்றுக்கு என்ன ஆயிற்று? ஃபுட்பாலில் இவன் போக ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கு, இன்னொருவன் மதிப்பெண் குறைந்து அந்த வாரம் ஆட முடியாதவர்கள் பட்டியலில் போனான், இன்னொருவனுக்குக் காய்ச்சல். பதின்மூன்று பேரோடு போனோம், ஒன்பதாம் வகுப்புச் சிறுவர்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தடியன்களுக்கு எதிரே நின்றார்கள். பெரிய தோல்வி, அதைவிட, இன்னும் யாருக்காவது அடிபடுமோ என்று கோச் ஆட்டம் முழுக்க நகம் கடித்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடலாமா என்ற பேச்சு கோச் அறையில் ஒரு மணி நேரம் நடந்தது. ஆடினார்கள். பேண்ட் போட்டிக்கு டிராம்போன் ஒன்று குறைவாகப் போய் வந்தது, அவ்வளவுதான். மண் மதிப்பீட்டுக்கு ஓட்டக்காரப் பெண் ஒருத்தியை இழுத்துவந்தார்கள், அவள் ஒன்பதாம் வகுப்பு, குழிக்குள் இறங்கி நேராக மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள், அவள் தாத்தா அப்படித்தான் பார்ப்பாராம். வயலில் தானிய வண்டி ஓட்டப் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார், தன் சோயாவைப் பாதியில் விட்டுவிட்டு. இதை மட்டும் யாரும் பட்டியல் போடவில்லை, அவரை யாரும் கூப்பிடவும் இல்லை, அவராகவே வந்தார்.

நாடகம்தான் ரொம்பத் திண்டாடியது. முக்கியப் பாத்திரம் இவன், மற்ற எல்லாவற்றிலும் ஒருவன் குறைந்தால் குறைந்ததுதான், நாடகத்தில் மையப் பாத்திரம் இல்லையென்றால் நாடகமே இல்லை. ஆசிரியை பத்து நாள் காத்திருந்தார். அந்தப் பத்து நாளும் ஒத்திகையில் இவன் வசனத்தை அவரே புத்தகத்தைப் பார்த்து வாசித்தார், மற்ற பிள்ளைகள் அறுபது வயது அம்மாவைப் பார்த்து "அப்பா, என்னை நம்புங்க" என்று பேசினார்கள். பதினோராவது நாள், மேடைச் சாமான் தூக்கும் பையன் ஒருவன், எந்தப் பட்டியலிலும் பெரிதாக இல்லாதவன், எனக்கு வசனம் முழுக்கத் தெரியும் டீச்சர் என்று கையைத் தூக்கினான். கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகியிருந்தது. இதை முதல் நாளே அவர் கேட்டிருக்கலாம். ஆனால் முதல் நாளில் அவருக்குக் கிடைத்த பதில் 'வந்துடுவேன்'.

அக்டோபர் கடைசி வாரம் ஒரு கூட்டம் போட்டோம். நல்ல வேளையாக, யார் தப்பு என்று தேடுவதில் கூட்டம் போகவில்லை. பேண்ட் ஆசிரியர் கண் கலங்கிவிட்டார், அதற்குப் பிறகு யாருக்கும் சண்டை போட மனம் வரவில்லை. நான் என் கணக்கை எடுத்து மேசையில் வைத்தேன், 136 பெயர், 71 பிள்ளைகள், ஆறு பேர் ஐந்து பட்டியலில். முதல்வர் அந்த ஆறு பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: நாம் ஏழு அணி நடத்துகிறோம் என்று நினைத்திருந்தேன், ஒரே அணிக்கு ஏழு சட்டை மாற்றிவிடுகிறோம்.

முடிவானது மூன்று விஷயம். மருத்துவத் தாள் எது வந்தாலும் அன்றே ஒரே பக்கமாகச் சுருக்கி, என்ன நோய் என்று எழுதாமல் 'எது செய்யக்கூடாது' என்பதை மட்டும் எழுதி, அந்தப் பிள்ளை பெயர் இருக்கும் எல்லாப் பட்டியலின் பொறுப்பாளருக்கும் போகவேண்டும். பங்கு ஆசிரியர்கள், பஸ் ஓட்டுபவர்கள் உட்பட. அந்தப் பக்கத்தைத் தயாரிப்பது நான். இரண்டாவது, எப்போது திரும்புவாய் என்று பிள்ளையிடம் யாரும் கேட்கக்கூடாது, தேதி வேண்டுமென்றால் அலுவலகத்தில் கேட்கவேண்டும், செய்தித் தாளிலும் அது வராது. இது எனக்காகவே போட்ட விதி என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. மூன்றாவது, நாடகத்தில் ஒவ்வொரு பெரிய பாத்திரத்துக்கும் முதல் நாளிலிருந்தே மாற்று ஆள்.

ஒரு பிள்ளை இத்தனை பட்டியலில்தான் இருக்கலாம் என்று வரம்பு வைக்கலாமா என்றும் பேச்சு வந்தது. நான்கூட வைக்கலாம் என்ற பக்கம்தான் இருந்தேன். கோச் பென்சிலை எடுத்து எல்லாப் பட்டியலிலும் அந்த ஆறு பேரின் பெயரை மூன்று பட்டியலுக்கு மேல் வரும் இடங்களில் அடித்துக் காட்டினார். ஃபுட்பாலில் பன்னிரண்டு பேர், பேண்டில் டிரம்ஸ் அடிக்க ஆளே இல்லை. பேச்சு அதோடு நின்றது. அடுத்த வருடத்துக்குப் பதினாறு மைல் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்ந்து ஒரே ஃபுட்பால் அணி வைக்கலாமா என்று இரண்டு நிர்வாகக் குழுவும் பேசிக்கொண்டிருக்கின்றன. ஐம்பது வருடமாக அவர்களைத் தோற்கடிப்பதையே லட்சியமாக வைத்திருந்த ஊர் இது. அந்தக் கூட்டத்துக்கு வந்த பெரியவர்களின் முகத்தை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. சட்டை என்ன நிறம் என்பதிலேயே இரண்டு மணி நேரம் போனது.

பையன் சீசனின் கடைசி ஆட்டத்துக்கு அனுமதி வாங்கி வந்தான். இரண்டாவது பாதியில் கொஞ்ச நேரம் ஆடினான், இடைவேளையில் ஊதினான். அம்மா வேலியோரம் வந்திருந்தார். நாடகத்தில் பழைய பாத்திரத்தைத் திரும்பக் கேட்கவில்லை, சாமான் தூக்கியவனே நடித்தான், இவன் சாமான் தூக்கினான். மாவட்டப் போட்டியோடு நின்றுவிட்டோம், நார்ஃபோக் போகவில்லை. 30 நிமிடத்தில் 29-க்கு முடித்தார்கள், திரை விழுந்ததும் மேடைக்குப் பின்னாலிருந்து முதலில் விசில் அடித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினோம், ஐந்தரைக்கே இருட்ட ஆரம்பித்தது. நடு நவம்பரில் கூடைப்பந்துப் பயிற்சி தொடக்கம். பொறுப்பாளர் குளிர்காலப் பட்டியல்களைத் தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். புதுக் கோப்பைத் திறந்தேன். முதல் ஆறு பெயரை நான் தட்டச்சு செய்யவில்லை. பழைய கோப்பிலிருந்து அப்படியே ஒட்டினேன்.